அரிப்புக்கு ஒரு வரி

மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்குகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, கோழி மாதிரி கழுத்தை ஒரு வெட்டு வெட்டி உள்ளே தள்ளுவார்கள். அப்புறம் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. காலையில் நீங்களும் அப்படித்தான் ஒன்றைப் போட்டுக்கொண்டீர்கள். தலைவலிக்கு என்று நினைக்கிறேன். இழுப்பறையைத் திறந்தீர்கள், கையில் அகப்பட்டதை எடுத்தீர்கள், போட்டுக்கொண்டீர்கள். அட்டையைத் திருப்பி என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை. விசாரணை அதிகாரியே இப்படி என்றால் ஊரைப் பற்றி என்ன பேச்சு. நான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியதே அட்டையைத் திருப்பிப் பார்க்காதவர்களின் புண்ணியத்தில்தான்.

எங்கள் கம்பெனி வக்கீல் வாசலில் என்னை நிறுத்தி, வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லித்தான் உள்ளே அனுப்பினார். அவருக்கு ஆபீஸில் 'மெதுவா' என்று பெயர். எதைக் கேட்டாலும் கையைக் கீழ்நோக்கி அசைத்து "மெதுவா, மெதுவா" என்பார். தீப்பிடித்துவிட்டது என்று சொன்னாலும் அதைத்தான் சொல்வார். நான் இன்று பேசாமல் இருந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனாலும் பேசப்போகிறேன். ஏன் என்பது வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். உங்கள் தட்டச்சர் கொஞ்சம் வேகமாகவே அடிக்கிறார், பரவாயில்லை.

நான் டாக்டர். ஆனால் படித்து முடித்த பிறகு ஒரு நோயாளியின் நாடியைக்கூடப் பிடித்ததில்லை. நோயாளிகள் பேசுவதை என்னால் சகிக்க முடியாது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால், போன வருஷம் கல்யாணத்துக்குப் போன கதையில் ஆரம்பிப்பார்கள். அதனால் மருந்துக் கம்பெனியில் சேர்ந்தேன். மருந்துப் பாதுகாப்புப் பிரிவு. கடைசியில் அதற்குத் தலைவன் ஆனேன். எங்கள் மாத்திரையைச் சாப்பிட்டு யாருக்காவது எங்காவது ஏதாவது ஆகிவிட்டால் அந்தத் தகவல் என் மேஜைக்கு வரும். மருந்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா, இருக்கலாமா, இல்லையா என்று நான் முடிவு சொல்ல வேண்டும். 'இருக்கலாம்' என்பது கோழைகளின் சொல். நான் அதை அதிகம் பயன்படுத்தியதில்லை.

கம்பெனியின் சரித்திரத்தை நூற்றாண்டு விழாவுக்குப் புத்தகமாகப் போட்டார்கள். கெட்டி அட்டை, வழவழத் தாள், உள்ளே படிக்க ஒன்றும் கிடையாது. அதில் விட்டுப்போனதை நான் சொல்கிறேன். எங்கள் நிறுவனர், வாசல் கூடத்தில் கையில் குழந்தையோடு வெண்கலத்தில் நிற்கிறாரே அவர்தான், முதலில் விற்றது குழந்தைகளுக்கான இருமல் மருந்து. அதில் அபின் இருந்தது. குழந்தைகள் நன்றாகத் தூங்கின. சில குழந்தைகள் எழுந்திருக்கவே இல்லை. வழக்கு வந்தது. மருந்தின் பெயரை மாற்றினார், நீல பாட்டிலைப் பச்சையாக்கினார், வியாபாரம் இரட்டிப்பானது. ஊரில் பேர் கெட்ட பிள்ளையை வேறு ஊருக்கு அனுப்பிப் பெண் பார்ப்பதில்லையா, அந்த வைத்தியம்தான். அவருடைய மகன் காலத்தில் கர்ப்பிணிகளின் வாந்திக்கு ஒரு சிரப். அதற்கும் வழக்கு. அந்தப் பிள்ளைகளில் சிலர் இப்போதும் சக்கர நாற்காலியில் நீதிமன்ற வாசலுக்கு வருவார்கள். கம்பெனி அவர்களுக்கு வருஷா வருஷம் போர்வை அனுப்பும். கேட்டது போர்வை இல்லை. ஆனாலும் அனுப்பும்.

இப்போது இருப்பவர் பேரன். பேரன் என்றே கூப்பிடுவோம், அவருக்கு எதிரில் சேர்மன். கல்லீரல் வலப்பக்கமா இடப்பக்கமா என்று கேட்டால் வக்கீலைக் கேட்பார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். லிஃப்டில் வரும் துப்புரவுப் பெண்ணிடம் பிள்ளைகள் படிப்பை விசாரிப்பார். பதில் வருவதற்குள் அவருடைய மாடி வந்துவிடும்.

அவர் காலத்து மருந்துதான் உங்கள் வழக்கில் இருக்கும் முழங்கால் மாத்திரை. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்தப் பத்திரிகைக்காரனும் இதை எழுத மாட்டான். அது வேலை செய்கிற மருந்து. படி ஏற முடியாதவர்கள் ஏறினார்கள். உட்கார்ந்தால் எழ முடியாதவர்கள் எழுந்தார்கள். ஆனால் கொஞ்சம் பேருக்கு மட்டும் கல்லீரலைத் தின்றது.

என் பிரிவில் புள்ளிவிவரம் பார்க்கும் பெண் ஒருத்தி இருந்தாள். மெலிந்த உடம்பு, பெரிய டிபன் பாக்ஸ், யாரோடும் பேசமாட்டாள். மருந்து விற்பனைக்கு வரும் முன்பே, பரிசோதனைக்காக அதைச் சாப்பிட்டவர்களின் கணக்கிலிருந்து ஒன்றைக் கண்டுபிடித்தாள். கல்லீரல் கெட்டவர்கள் எல்லோருக்கும் அதற்கு முன்னால் உடம்பெங்கும் அரிப்பு வந்திருக்கிறது. அரிப்பு வந்த உடனே மாத்திரையை நிறுத்தியவர்களுக்குக் கல்லீரல் தானாகச் சரியாகியிருக்கிறது. நிறுத்தாதவர்களுக்கு ஆகவில்லை. அவ்வளவுதான் விஷயம். பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாளில் சேர்க்க ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தாள். 'உடம்பில் அரிப்பு ஏற்பட்டால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.' நல்ல வரி. பிழை இல்லை.

நான் அதை அடித்தேன்.

"ஏன் சார் எடுக்கிறீங்க?" என்றாள்.

"உரக்கப் படி."

படித்தாள்.

"இப்ப உனக்கு எங்கயாவது அரிக்குதா?"

அவள் கை தானாகப் பின்கழுத்துக்குப் போயிற்று. போனதை அவளே பார்த்தாள்.

"பாத்தியா" என்றேன். "ஒரு வரி படிச்ச உனக்கே இப்படி. நாடு முழுக்கச் சொறிய ஆரம்பிச்சா யாரும் மருந்து சாப்பிட மாட்டாங்க. முட்டி வலியோட படுத்துக் கிடப்பாங்க. அது பாவமில்லையா?"

அவள் தாளை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நாளில் வேலையை விட்டுப் போய்விட்டாள். நல்லவர்கள் அப்படித்தான், விலகிப் போய்விடுவார்கள். அது அவர்களுக்குச் சுலபம். இருந்து பார்க்கிறவன்தான் கெட்டவன் ஆகிறான்.

பேரன் சொல்லித்தான் எடுத்தேன் என்று உங்கள் குற்றப்பத்திரிகையில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அவர் என்னிடம் கேட்டது, "தாள்ல ஏதோ ஒரு வரி ஜாஸ்தின்னாங்களே, இருக்கா?" என்று மட்டும். "இல்லை" என்றேன். "சபாஷ்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். என்ன வரி என்றுகூடக் கேட்கவில்லை. அவர் உத்தரவுக்கு நான் பணிந்தேன் என்பது எனக்கு அவமானம். அவருக்கு உத்தரவு போடுகிற அளவுக்கு விஷயம் தெரியாது.

இனி அக்கா.

எங்கள் அம்மா நான் சின்னப் பையனாக இருந்தபோதே போய்விட்டாள். அப்பா இருந்தும் இல்லாத மாதிரி. அக்காதான் வளர்த்தாள். பெரிய தியாகம் என்று உறவில் எல்லோரும் சொல்வார்கள், அவள் சொன்னதில்லை. துணிகளை டிரை கிளீனிங் செய்கிற கடை வைத்திருந்தாள். முன்னால் கவுண்டர், பின்னால் மெஷின், நடுவில் நீராவி இஸ்திரி மேஜை. மேலே ஒரு கம்பியில் யாரோ மறந்துபோன கோட்டுகள் வருஷக்கணக்காகத் தொங்கும். உள்ளே நுழைந்தால் அந்தத் திரவத்தின் வாசனை மூக்கில் ஏறும். நாள் பூரா நின்றே வேலை. முட்டி போகாமல் என்ன செய்யும்.

எங்கள் மாத்திரை விற்பனைக்கு வந்த வாரமே போட ஆரம்பித்தாள். நான் கொடுக்கவில்லை, அவளே டாக்டரிடம் கேட்டு வாங்கினாள். வருகிறவர்களிடமெல்லாம் பெருமை. "எங்க தம்பி மாத்திரை" என்பாள். நான்தான் அம்மியில் அரைத்து உருட்டியது மாதிரி. துண்டுத்தாளை அவள் படித்ததே இல்லை. கோட்டிலிருந்து கழன்ற பொத்தான்களை அதில் மடித்து, பின் குத்தி வைப்பாள். நாங்கள் கமிட்டி கமிட்டியாக உட்கார்ந்து எழுதிய தாளுக்கு நான் பார்த்த உருப்படியான ஒரே உபயோகம் அதுதான்.

மாத்திரை வேலை செய்தது. என் வீடு இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் படியேறி வந்து கதவைத் தட்டினாள். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாடா, கைப்பிடி பிடிக்காம வந்தேன்."

அதற்குப் பிறகு சில மாதத்தில் போன் செய்தாள்.

"ஏண்டா, ஒடம்பெல்லாம் ஒரே அரிப்பா இருக்கே. பூச்சி கீச்சி கடிச்ச மாதிரியும் இல்ல. எதனால இருக்கும்?"

எனக்கு எதிரில் ஜன்னல் இருந்தது. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு டிரைவர் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு கண்ணாடியை முடித்து அடுத்ததற்குப் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடையில இருக்கிற கெமிக்கல்தான்கா" என்றேன். "கையுறை போட்டுக்க."

"இத்தன வருஷமா இல்லாதது இப்பவா?"

"வயசாகுதுல்ல."

"ஆமா, நீ மட்டும் எளைய காளையாக்கும்" என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

அந்த வாரம்தான் இறந்துபோனவர்களின் குடும்பங்கள் போட்ட வழக்கில் நான் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியிருந்தது. அதுவரை யார் என்னைக் கேட்டிருந்தாலும் அரிப்புக்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் நிரூபணம் ஆகவில்லை என்று சொல்லியிருப்பேன். அக்காவுக்கு மட்டும் நிறுத்து என்று சொல்லிவிட்டுப் போய்க் கூண்டில் அதையே சொன்னால் நான் பொய்யன். ஊருக்கு ஒரு வார்த்தை, வீட்டுக்கு ஒரு வார்த்தை என்று எனக்குக் கிடையாது. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், இரட்டை நாக்கு என்று சொல்ல முடியாது.

எதிர்த்தரப்பு வக்கீல் இளவயது. கசங்கிய கோட்டு, அக்கா பார்த்திருந்தால் கழற்றித் தரச் சொல்லியிருப்பாள். அரிப்பைப் பற்றிக் கேட்டார். நான் பொறுமையாக விளக்கினேன். ஒரு மருந்துதான் காரணம் என்று சொல்ல வேண்டுமானால், நிறுத்தியதும் அறிகுறி போக வேண்டும், மறுபடி கொடுத்ததும் அதே அறிகுறி திரும்ப வேண்டும், நடுவில் வேறெதுவும் மாறியிருக்கக் கூடாது. "அப்படி ஒரே ஒருத்தரைக் காட்டுங்கள், நான் ஒப்புக்கொள்கிறேன்" என்றேன். காட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். கெடுதல் செய்ததாகச் சந்தேகம் இருக்கும் மருந்தைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது எந்த நாட்டிலும் அனுமதி இல்லாத காரியம்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்த வக்கீல் பதில் தெரியாத கேள்வியைக் கேட்பார்.

"உங்க சொந்தக் குடும்பத்துல யாருக்காவது இந்த மாத்திரையைக் குடுப்பீங்களா, டாக்டர்?"

"என் அக்கா தினமும் போடுகிறார்" என்றேன்.

நீதிபதியம்மா பேனாவை எடுத்து எழுதினார். எங்கள் வக்கீல் மெதுவா என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், பெண்ணைக் கரையேற்றிய அப்பனின் பார்வை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், இது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா" என்றார்.

அதற்குப் பின் அக்கா கொஞ்ச நாள் தன் மகள் வீட்டில் போய் இருந்தாள். நானும் ஒரு தடவை அங்கே போய்ப் பார்த்தேன். அவள் திரும்பி வந்து இரண்டு வாரம் இருக்கும், கண் மஞ்சளாயிற்று.

முதலில் கவனித்தது மகள்தான். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து நம்பர் சொல்கிறவள். அம்மாவின் இமையை விரித்துப் பார்த்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். நான் போனபோது அக்கா கட்டிலில் சாய்ந்துகொண்டு, பக்கத்துக் கட்டில்காரியின் புடவைக் கறையை எப்படி எடுப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "டாக்டர் வந்தாச்சு, இனி இவங்க யாரும் தேவையில்ல" என்றாள்.

கல்லீரல் டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். பெரிய படிப்பு, நடக்கும்போது சத்தம் வருகிற ஷூ. எங்கள் கம்பெனிப் பேனாதான் சட்டைப்பையில் இருந்தது.

"எதனாலன்னு பிடிபடல சார். ஏதாவது மருந்து...?"

"அவங்க வச்சிருக்கிறது டிரை கிளீனிங் கடை" என்றேன். "பாதி ஆயுசு அந்தத் திரவத்தை முகர்ந்துக்கிட்டேதான் இருக்காங்க."

அவர் முகத்தில் வந்த நிம்மதியைச் சொல்ல வேண்டும். விடை கிடைத்துவிட்டது, வேறு யோசிக்க வேண்டியதில்லை. நான் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் திரவம் கல்லீரலுக்கு ஆகாது, பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அவர் கேள்வியை முடிக்கவில்லை, நான் முடிக்காத கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

அக்கா மூன்றாம் வாரம் போய்விட்டாள். கடைசியில் நினைவு தப்பித் தப்பி வந்தது. வந்தபோதெல்லாம் என் கையைத் தேடினாள். கொடுத்தேன்.

அவள் போன வாரத்திலேயே தீர்ப்பு வந்தது, கம்பெனி பக்கம். பேரன் என் வீட்டுக்கு ஒரு மலர் வளையமும் ஆபீஸ் மேஜைக்கு ஒரு பூங்கொத்தும் அனுப்பினார். ஒரே பூக்கடை, ஒரே ரிப்பன். அட்டைகளை மாற்றிக் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததில் 'வெற்றிக்கு வாழ்த்துகள்' என்று இருந்தது. அக்கா மகள்தான் வாங்கி வைத்தாள். படித்துவிட்டு அட்டையைப் பிய்த்துப் போட்டாள்.

அக்கா எங்கள் மாத்திரை போட்டவள் என்பதால் ஆஸ்பத்திரி அனுப்பிய தகவல் முறைப்படி என் மேஜைக்கு வந்தது. பெயர் இருக்காது, வயது, பால், தொழில், முடிவு, அவ்வளவுதான். சம்பந்தம் இல்லை என்று குறித்தேன். வேறு எவனுக்காவது கொடுத்திருக்கலாம். அவன் 'இருக்கலாம்' என்று எழுதியிருப்பான்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அந்தப் புள்ளிவிவரப் பெண் எங்கிருந்தோ வந்து, தான் எழுதிய வரியையும் நான் அடித்ததையும் உலகத்துக்குச் சொன்னாள். டி.வி.யில் அவள் பேட்டியைப் பார்த்த அன்றைக்கே அக்கா மகள் என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள்.

"மாமா, அரிக்குதுன்னு அம்மா உங்ககிட்ட சொன்னாங்களா?"

"சொன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கையுறை போட்டுக்கச் சொன்னேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையில் மற்றவர்களின் கண்ணுக்குள் பார்க்கிற பார்வை அது. ஆனால் அவளுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது.

"உங்களுக்குத் தெரியாதுதானே மாமா? அந்தப் பொண்ணு சொன்னத நீங்க நம்பலதானே? தெரிஞ்சிருந்தா அம்மாவுக்குச் சொல்லியிருப்பீங்கல்ல?"

அது கேள்வி இல்லை. கெஞ்சல். எனக்கு அருவருப்பாக இருந்தது, அவள் மேல் இல்லை, அந்தக் கெஞ்சலின் மேல். நான் எழுந்து, அவளுக்கு முதுகைக் காட்டியபடி விளக்கைப் போட்டேன். அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அவள்தான் உங்களிடம் வாக்குமூலம் கொடுத்தாள். அதில் ஒரு இடத்தில் இப்படிச் சொல்லியிருக்கிறாள்: 'எங்கள் வீட்டுக்கு வந்தபோது மாமாவே அந்த மாத்திரையை ஒரு பெட்டி அம்மாவுக்கு வாங்கிக்கொண்டு வந்தார். கெடுதல் என்று தெரிந்திருந்தால் கூடப்பிறந்த அக்காவுக்கு அதைக் கொண்டுவந்து கொடுத்திருப்பாரா?'

வக்கீல் மெதுவா இந்த வாக்கியத்தைப் பார்த்த அன்று எனக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்.

"சார், நம்ம கேஸே இப்ப இதுலதான் நிக்குது. வரியை அடிச்சீங்க, ஒத்துக்கறோம். ஆனா நல்லெண்ணத்துல அடிச்சீங்க. உண்மையிலேயே நம்பல. அதுக்கு இதவிட சாட்சி வேணுமா? எதிர்த்தரப்புப் பொண்ணே சொல்லுது. நீங்க ஒண்ணும் பேச வேணாம். மெதுவா, மெதுவா உட்கார்ந்து துக்கமா இருந்தா போதும்."

ஆக, நான் விடுதலையாக ஒரு வழி இருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஆக வேண்டும். ஒரு டிபன் பாக்ஸ் பெண் கண்டுபிடித்ததை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, பாசத்தில் கண் மறைந்துவிட்டது, பாவம், நல்ல தம்பி, முட்டாள். பேரனுக்கு அப்படி ஒரு பேர் கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார். என்னை அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள். திருடன் என்ற பேரோடு இருந்துவிடலாம், தெரியாதவன் என்ற பேரோடு என்னால் இருக்க முடியாது. அதற்காகத்தான் வாயைத் திறந்தேன்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

மகள் புது வீட்டுக்குக் குடிபோனாள். சாமான் எடுத்து வைக்க ஒத்தாசைக்கு என்று அக்கா போனாள், கடையை வேலைக்காரியிடம் விட்டுவிட்டு. போன இடத்திலிருந்து எனக்குப் போன் செய்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"நீ சொன்னது நூத்துக்கு நூறு சரிடா. கடைக்குப் போகாம இருக்கேன்ல, அரிப்பு சுத்தமா நின்னு போச்சு. அந்த நாத்தம் பிடிச்ச மெஷின்தான் காரணம்."

நான் ஒரு கேள்விதான் கேட்டேன்.

"மாத்திரை போடறியாக்கா?"

"அதையும் வீட்டுலயே மறந்து வச்சிட்டு வந்துட்டேன், போ. முட்டி லேசா முனகுது."

நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் இதன் அருமை தெரிந்திருக்கும். அரிப்பு நின்றுவிட்டது. ஆனால் எதனால் நின்றது? கடையும் இல்லை, மாத்திரையும் இல்லை, இரண்டும் ஒரே நாளில் விலகியிருக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் திரும்ப வைத்தால் விடை தெரிந்துவிடும். கம்பெனி கோடி கோடியாகச் செலவழித்து, கமிட்டி வைத்து, வழக்காடி, தெரியாது தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்த விஷயம் என் அக்காவின் தோலில் உட்கார்ந்திருந்தது. கூண்டில் ஏறி ஒரே ஒருத்தரைக் காட்டுங்கள் என்று கேட்டவன் நான். காட்டக்கூடிய ஆள் கிடைத்துவிட்டார்.

மறுநாள் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு போனேன். புது வீடு, சுவரில் பெயின்ட் வாசனை. அது ஒரு குழப்பம் ஆகிவிடக் கூடாதே என்று பெயின்ட் எப்போது அடித்தது என்றுகூட விசாரித்தேன். அக்கா வருவதற்கு முன்பே அடித்தது, அதனால் பாதகமில்லை. சோப்பு எது என்று கேட்டேன். அதே சோப்பு. சாப்பாட்டில் புதிதாக ஏதாவது என்று கேட்டேன். மகள், "மாமாவுக்கு அம்மா மேல எவ்ளோ அக்கறை" என்றாள்.

பெட்டியை அக்கா கையில் கொடுத்தேன். அவள் வாங்கிக் கட்டில் மேல் வைத்துவிட்டாள்.

"வேணாம்டா. கொஞ்ச நாள் விட்டுத்தான் பார்க்கலாமேன்னு இருக்கேன். இந்த வலி தாங்கிக்கிற வலிதான். எதுத்த வீட்டு நர்ஸம்மாகூட சும்மா சும்மா மாத்திரை போடாதீங்கன்னுச்சு. மாப்பிள்ளையும் அதேதான் சொல்றாரு."

"அவங்களுக்கு என்னக்கா தெரியும்" என்றேன். "கடைக்குத்தான் போகக் கூடாது. மாத்திரைய விடாத."

நாலாம் நாள் போன் வந்தது. கடைப்பக்கமே போகவில்லை, ஆனாலும் அரிக்கிறது, முன்னைவிட ஜாஸ்தி என்றாள். எனக்குச் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். நெடுநாள் போட்டுப் பார்த்த கணக்கு மீதியில்லாமல் வகுபட்டால் ஒரு அமைதி வருமே, அது. போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் நாற்காலியை விட்டு எழாமல் இருந்தேன். உலகத்தில் அந்த நிமிஷம் அந்த மருந்தைப் பற்றிய உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அப்போதாவது நிறுத்தச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. தீர்ப்பு வரட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்று இருந்தேன். கண் அவ்வளவு சீக்கிரம் மஞ்சளாகும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த ஒரு இடத்தில் என் கணிப்பு தவறியது, ஒத்துக்கொள்கிறேன்.

மற்றபடி, அக்காவை நான் ஏமாற்றினேன் என்று எழுதாதீர்கள். பெட்டியைக் கட்டில் மேலிருந்து எடுத்தது அவள் கைதான். பிரித்து, என் எதிரிலேயே ஒன்றைப் போட்டுக்கொண்டு, "நீ சொன்னா சரிடா" என்றாள். எங்களுக்குள் அப்படி ஒரு பாசம். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் மறுபடி அதைத் தொட்டிருக்க மாட்டாள்.